ஆறரை டிஜிட்டுக்காக வாங்கினேன், நாலு வயருக்காக வெச்சிருக்கேன்: ஹெச்பி 34401ஏ, எட்டு மாச அனுபவம்

முதல்லயே சொல்லிடறேன், நான் எலக்ட்ரானிக்ஸ் படிச்சவன் இல்ல. பகல்ல கணக்கு எழுதற வேல, ராத்திரி சாப்ட்டு முடிச்சதும் பெட்ரூம் மூலைல இருக்கற மேசைல சால்டரிங் அயர்ன். ஆம்ப் போர்டு, எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் பவர் சப்ளை), பேட்டரி பேக், தெரிஞ்சவங்க யாராவது "பாத்து சொல்லுப்பா"ன்னு தூக்கிட்டு வர்ற இன்வெர்ட்டர் போர்டு, இவ்ளோதான் நம்ம லெவல். பத்து வருஷமா ஒரு மஞ்ச கலர் டிடி-830 மல்டிமீட்டரும், அப்புறம் வாங்குன கொஞ்சம் நல்ல கையடக்க மீட்டரும் போதும்னுதான் ஓடிட்டு இருந்துச்சு. அப்படியிருந்தவன் எதுக்கு இந்த 34401ஏவ, லேப்ல மேசை மேல வெக்கற பெஞ்ச் மல்டிமீட்டர, வாங்குனேன்னு கேட்டா, உண்மைய சொன்னா ஆசை, வேற ஒண்ணும் இல்ல. அந்த பச்ச கலர்ல ஒளிர்ற ஏழு இலக்கம் வரிசையா நிக்கறத ஒருதடவ பாத்துட்டா அப்புறம் தூக்கம் வராது.

வாங்குனது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல. கீழ இருக்கற கடைங்க இல்ல, மாடில பழைய லேப் சாமானா வாங்கி விக்கற ஒரு இடம், படி ஏறும்போதே தூசி வாசன வரும். ஆஸிலோஸ்கோப் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, நடுவுல இது. முன்னாடி ஹெச்பின்னு போட்டிருந்துச்சு. இங்க ஒரு விஷயம், இந்த மாடலே மூணு பேர்ல வந்திருக்கு: ஹெச்பி, 1999ல அளவு கருவி பிரிவு தனியா பிரிஞ்சதுக்கு அப்புறம் ஏஜிலென்ட், 2014லேர்ந்து கீசைட். பேரப் பாத்து பயப்பட வேணாம், உள்ள அதே மீட்டர்தான்.

"எவ்ளோண்ணே?"

"முப்பத்தஞ்சு தம்பி. இதுக்கு அடுத்து வந்த மாடல் புதுசு லட்சத்துக்கு மேல, தெரியும்ல?"

தெரியும், அதனாலதான் மாடி ஏறி வந்திருக்கேன்னு சொல்லல. ஒரு மணி நேரம் பேசி 27,000க்கு முடிஞ்சுது, டெஸ்டிங் வாரண்டி மட்டும்தான், அதாவது கடைய விட்டு இறங்குனா உன் பாடு. அதனால அங்கயே ஷிப்ட் பட்டன அழுத்திப் பிடிச்சுகிட்டே பவர் போட்டேன், அஞ்சு செகண்டுக்கு மேல பிடிச்சிருந்தா முழு செல்ப் டெஸ்ட் ஓடும், கடைசில பாஸ்னு வந்துச்சு. செகண்ட் ஹேண்ட்ல வாங்கறவங்க இத கட்டாயம் பண்ணுங்க, கடைக்காரர் முன்னாடியே பண்ணுங்க.

வீட்டுக்கு வந்து பிளக்க சொருகப் போனேன், நல்லவேள மேனுவல ஒரு பார்வ பாத்துட்டு பின்னாடி திருப்பினேன். பவர் சாக்கெட் பக்கத்துல ஒரு சின்ன ஜன்னல், அதுல 120ன்னு இருக்கு! அமெரிக்காலேர்ந்து வந்த பீஸு. கடைல மேசைக்கு அடில ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வெச்சு ஓட்டியிருக்காரு, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. அப்படியே நம்ம 230ல சொருகியிருந்தா 27,000 ரூபாய்க்கு ஒரு டப்புனு சத்தம் கேட்டிருக்கும். ப்யூஸ் ஹோல்டர வெளிய எடுத்து அந்த செலக்டர 220க்கு திருப்பி வெச்சேன், நம்ம ஊரு 230க்கு அந்த 220 செட்டிங்தான்.

போட்ட உடனே ஒரு பேட்டரில வெச்சேன், பூஜ்யம். இன்னொரு பேட்டரி, பூஜ்யம். வயித்துல புளி கரைச்சுது. கால் மணி நேரம் கழிச்சுதான் கண்ணுல பட்டுச்சு, டிஸ்ப்ளேல ஓரமா குட்டியா ரியர்னு எழுதியிருக்கு. முன்னாடி டெர்மினல் பக்கத்துல ஒரு பட்டன் இருக்கு, அத உள்ள அழுத்தியிருந்தா மீட்டர் பின்பக்க டெர்மினல மட்டும்தான் பாக்கும். தூக்கிட்டு வரும்போது என் கட்டவிரல் அழுத்தியிருக்கு. இந்த மீட்டர் வெச்சிருக்கற எல்லாரும் வாழ்க்கைல ஒருதடவையாவது இதுல மாட்டியிருப்பாங்கன்னு நெனைக்கறேன். வீட்டுக்காரம்மா வந்து எட்டிப் பாத்துட்டு "ஏங்க, பழைய விசிஆரா?"ன்னு கேட்டுட்டு போயிட்டாங்க, தப்பு சொல்ல முடியாது, பாக்க அப்படித்தான் இருக்கு.

சரி, ஆறரை டிஜிட். அரைன்னா என்னன்னா முதல் இலக்கம் 0 இல்ல 1 மட்டும்தான் வரும், மத்த ஆறும் 0லேர்ந்து 9 வரைக்கும். 10 வோல்ட் ரேஞ்ச்ல கடைசி இலக்கம் 10 மைக்ரோவோல்ட். நம்ம மஞ்ச மீட்டர் 20 வோல்ட் ரேஞ்ச்ல 10.00னு காட்டிட்டு உக்காந்துடும், அதோட கடைசி இலக்கம் 10 மில்லிவோல்ட், அதாவது இது அதவிட ஆயிரம் மடங்கு நுணுக்கமா பாக்குது. எங்கிட்ட ஏடி584னு ஒரு ரெபரன்ஸ் மாட்யூல் இருக்கு, மீட்டர சரிபாக்க நிலையான வோல்டேஜ் குடுக்கற குட்டி போர்டு, 2.5, 5, 7.5, 10 வோல்ட் குடுக்கும். அத மாட்டினேன், 10.00187. சும்மா வெரல அந்த ஐசி மேல வெச்சேன். 10.00194, 10.00208, 10.00231. வெரல் சூட்டுக்கு ஏறுது. எடுத்தா மெதுவா இறங்குது. அன்னிக்கு ராத்திரி ஒரு மணி வரைக்கும் நான் ஒரு வேலையும் பாக்கல, வெரல வெக்கறதும் எடுக்கறதும்தான்.

ஆனா ரெண்டு நாள்ல ஒரு விஷயம் புரிஞ்சுது. அந்த கடைசி ரெண்டு இலக்கம் பாதி நேரம் என் சர்க்யூட்ட அளக்கல, என் ரூம அளக்குது. ஏன்னா மில்லிவோல்ட் ரேஞ்ச்ல ஒரு ஷண்ட்ட (கரண்ட் அளக்க வெக்கற சின்ன ரெசிஸ்டர்) அளந்துட்டு இருந்தேன், ரீடிங் சும்மா ஆடுது, மூணு நாலு மைக்ரோவோல்ட் மேல கீழ. ஒயர மாத்தினேன், மொபைல தள்ளி வெச்சேன், டியூப்லைட்ட அணைச்சேன், நிக்கவே இல்ல. கடைசில பாத்தா மேல சுத்தற சீலிங் பேன்! முலாம் பூசுன முதலை கிளிப்பும் செம்பு ஒயரும் சேர்ற இடத்துல ரெண்டு பக்கமும் ஒரே சூடு இல்லன்னா தானாவே கொஞ்சம் வோல்டேஜ் பொறக்கும், சூடு அளக்கற தெர்மோகப்பிள் வேல செய்யற அதே தத்துவம். பேன் காத்து ஒரு கிளிப்ப குளுத்துது, இன்னொண்ணு போர்டு மறைவுல இருந்துச்சு. பேன ஆப் பண்ணினேன், ரீடிங் கல்லு மாதிரி நின்னுச்சு, ஆனா நான் வேர்த்து ஒழுகுனேன். இப்ப ஒரு கர்ச்சீப்ப கிளிப் மேல போட்டு மூடிட்டு பேன ஓட விடறேன். செம்ம வேல செய்யுது.

இதோட சேந்த இன்னொரு சங்கடம் நம்ம வெயில். இந்த மீட்டர் எவ்ளோ வரைக்கும் தப்பா காட்டலாம்ங்கற கணக்கு எல்லாம் 23 டிகிரி, கூடவோ கொறையவோ 5, ஒரு மணி நேரம் சூடானதுக்கு அப்புறம்னு போட்டிருக்கு. ஒரு வருஷ கணக்குல 10 வோல்ட் ரேஞ்ச்க்கு ரீடிங்ல 0.0035 சதவீதம், ரேஞ்ச்ல 0.0005 சதவீதம், ரெண்டையும் கூட்டினா 10 வோல்ட்டுக்கு 400 மைக்ரோவோல்ட். என் ரூமு மே மாசம் ஏசி இல்லாம 33 டிகிரி. 28க்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் தனியா சேக்கணும், அஞ்சு டிகிரிக்கு இன்னொரு 300 மைக்ரோவோல்ட் போல வருது. மொத்தம் 0.7 மில்லிவோல்ட். அரை சதவீத கையடக்க மீட்டர் இதே 10 வோல்ட்டுல 50 மில்லிவோல்ட் வரைக்கும் தப்பா காட்ட உரிமை இருக்கு, அதோட ஒப்பிட்டா இது வேற உலகம்தான். ஆனா கடைசி இலக்கத்த பாத்து பெருமப்பட்டுக்கறது இருக்கே, அது மெட்ராஸ் வெயில்ல செல்லாது. உள்ள எல்எம்399னு ஒரு ரெபரன்ஸ் இருக்கு, தனக்குன்னு ஒரு குட்டி ஹீட்டர வெச்சுகிட்டு எப்பவும் ஒரே சூட்டுல இருக்கற ஐசி, அது பாவம் நல்லாத்தான் இருக்கு, சுத்தி இருக்கற மத்த ரெசிஸ்டர்தான் வெயில்ல நகருது.

இப்ப நிஜமாவே பிரயோஜனமான விஷயத்துக்கு வரேன். ரெண்டு.

முதல்ல இன்புட் ரெசிஸ்டன்ஸ். ஒரு சின்ன சோதன பண்ணிப் பாருங்க, யார் வேணா பண்ணலாம். ஒரு மெக் ஓம் ரெசிஸ்டர் ரெண்டு எடுத்து சீரிஸ்ல போட்டு 10 வோல்ட் குடுங்க, நடுவுல 5 வோல்ட் இருக்கணும், ஸ்கூல் கணக்கு. மஞ்ச மீட்டர வெச்சேன், 3.33. ஏன்னா அதோட இன்புட்டே ஒரு மெக்தான், கீழ இருக்கற ரெசிஸ்டரோட பாரலல்ல போய் உக்காந்துடுது. நல்ல மீட்டர், 10 மெக் உள்ளது, 4.76. இதுலயும் பவர் போட்டதும் அதே 10 மெக்தான், அதே 4.76 காட்டுச்சு. ஆனா மெஷர் மெனுல இன்புட் ஆர்னு ஒண்ணு இருக்கு, அத ஆட்டோவுக்கு மாத்தினா 10 வோல்ட் ரேஞ்ச் வரைக்கும் 10 ஜிகா ஓமுக்கு மேல போயிடும். மாத்தினேன். 5.00னு வந்து நின்னுச்சு. பத்து வருஷமா எத்தன போர்டுல பயஸ் வோல்டேஜ் கம்மியா இருக்குன்னு நல்ல டிரான்சிஸ்டர புடுங்கி போட்டிருப்பேன்னு நெனச்சா எரிச்சலா வந்துச்சு. இதுல ஒரு குறை, பவர ஆப் பண்ணி போட்டா மறுபடி 10 மெக்குக்கே போயிடும், ஒவ்வொரு தடவையும் மெனுக்குள்ள போய் அம்பு பட்டன அழுத்திகிட்டு இருக்கணும். அந்த மோடுல ஒயர சும்மா தொங்க விட்டா ரீடிங் கண்டபடி அலையும், புதுசா வாங்குனவங்க மீட்டர் போச்சுன்னு பயந்துடாதீங்க.

ரெண்டாவது நாலு வயர் ஓம். இதுக்குதான் இந்த காசு. சாதா மீட்டர்ல ரெண்டு ப்ரோபையும் சேத்து வெச்சாலே 0.2 ஓம் காட்டும், அது ஒயரோட ரெசிஸ்டன்ஸ், அதுக்குள்ள நாம அளக்கற சமாச்சாரம் மூழ்கிடும். நாலு வயர்ல ரெண்டு ஒயர் கரண்ட் அனுப்பும், வேற ரெண்டு ஒயர் அந்த இடத்துல மட்டும் வோல்டேஜ பாக்கும், ஒயர் ரெசிஸ்டன்ஸ் கணக்குலயே வராது. 100 ஓம் ரேஞ்ச்ல கடைசி இலக்கம் 0.1 மில்லிஓம்.

போன மாசம் பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு மானிட்டர் போர்டு குடுத்தாரு, 12 வோல்ட் லைன் ஷார்ட். அந்த லைன்ல குட்டி குட்டியா பதினாலு சிப் கெப்பாசிட்டர், எல்லாம் பாரலல், சாதா மீட்டர்ல எத தொட்டாலும் பீப்னு கத்தும். முன்ன எல்லாம் நான் ஒண்ணொண்ணா கழட்டுவேன், பாதி பேட் பிஞ்சு வந்துடும். இந்த தடவ நாலு தையல் ஊசி எடுத்து, ஒரு பக்கத்துக்கு ரெண்டு ஊசின்னு நடுவுல தீப்பெட்டி அட்ட வெச்சு இன்சுலேஷன் டேப் சுத்தி, ஒவ்வொரு ஊசிலயும் ஒரு ஒயர். கெல்வின் ப்ரோப்னு இதுக்கு கடைல கேக்கற விலைக்கு என் ஊசி ரெண்டு ரூபா. கனெக்டர் பக்கத்துல வெச்சேன், 0.0487. அடுத்த கெப்பாசிட்டர், 0.0451. அதுக்கு அடுத்தது 0.0398. சூடு சூடுன்னு சின்ன வயசுல ஒளிச்சு வெச்சு தேடுவோமே, அது மாதிரி கொறைஞ்சுகிட்டே வருது. ஒண்ணுல 0.0213. அத தாண்டி அடுத்ததுல 0.0260, ஏறிடுச்சு. திரும்பி வந்து அந்த ஒண்ண மட்டும் கழட்டினேன், லைன் கிலோ ஓமுக்கு போயிடுச்சு. போர்டு ஓடுது. அண்ணன் குடுத்த முன்னூறு ரூபாய வாங்கல, ஆனா அந்த கெப்பாசிட்டர ஒரு டப்பால எடுத்து வெச்சிருக்கேன்.

கவனிங்க, இங்க மீட்டர் துல்லியமா இருக்கணும்னு கூட அவசியம் இல்ல. இந்த ரேஞ்ச்ல அது ஒத்துக்கற தப்பே சில மில்லிஓம் வரும். எது கம்மி எது ஜாஸ்தின்னு தெரிஞ்சா போதும், அதுக்கு கடைசி இலக்கம் ஆடாம நிக்கணும், இது நிக்குது. நல்னு (null) இருக்கற பட்டன, அதாவது இப்ப காட்டறதயே பூஜ்யமா வெச்சுக்கற பட்டன, வேற ஒருதடவ தட்டிட்டா மிச்சம் இருக்கற பூஜ்ய தப்பும் போயிடும். ஸ்லோ ஆறு டிஜிட்ல வெச்சா ஒவ்வொரு ரீடிங்கும் ஏசி லைனோட நூறு சுத்து எடுத்து சராசரி போடும், நம்ம 50 ஹெர்ட்ஸ்ல ரெண்டு செகண்ட். லைன் 50ஆ 60ஆன்னு பவர் போடும்போது தானே கண்டுபிடிச்சுக்கும், அத நாம செட் பண்ண வேணாம்.

குறைங்களும் இருக்கு, கோவத்தோடயே சொல்றேன். டயோட் டெஸ்ட் ஒரு வோல்ட் ரேஞ்ச்தான். எல்இடி வெச்சா ஓப்பன்! நூத்தம்பது ரூபா மீட்டர் லேசா மினுக்கி காட்டும், இது கண்ண மூடிக்கும். கெப்பாசிட்டர் அளக்காது, இதுக்கு அடுத்து வந்த 34461ஏல அது இருக்கு. கரண்ட் 3 ஆம்ப்தான் மேக்ஸிமம், நம்ம ஆளுங்க 10 ஆம்ப் பழக்கத்துல போய் மாட்டிக்குவாங்க. மூணு கிலோவுக்கு மேல வெயிட்டு, இழுத்துகிட்டு வேற ரூமுக்கு போக முடியாது, அதனால ஷார்ட் பீப் மாதிரி அவசர வேலைக்கு இன்னும் கையடக்க மீட்டர்தான் எடுக்கறேன். மீட்டருக்குள்ள பேன் இல்ல, சத்தம் இல்லங்கறது மட்டும் ஆறுதல், ராத்திரி கொழந்த தூங்கும்.

கம்ப்யூட்டரோட சேக்கறது தனி கத. பின்னாடி ஜிபிஐபியும் (லேப் கருவிங்கள கம்ப்யூட்டரோட சேக்கற பழைய போர்ட்) இருக்கு, ஆர்எஸ்-232வும் (பழைய சீரியல் போர்ட்) இருக்கு. யுஎஸ்பி கன்வெர்ட்டர மாட்டி ராத்திரி முழுக்க முட்டி மோதினேன், ஒரு எழுத்து வரல. காரணம் மூணு: பேக்டரி செட்டிங்ல அது ஜிபிஐபியதான் கேட்டுகிட்டு இருக்கும், மெனுல ஆர்எஸ்-232க்கு மாத்தணும், கேபிள் நேர் கேபிளா இருக்கக் கூடாது, நல் மோடமா (அனுப்பற ஒயரும் வாங்கற ஒயரும் குறுக்க மாறின கேபிள்) இருக்கணும், அப்புறம் முதல் கட்டளையா ரிமோட்டுக்கு போன்னு அனுப்பணும், இல்லன்னா ரீடிங் கேட்டா எரர்னு பீப் அடிக்கும். மூணாவதுதான் என்ன அதிகம் படுத்துச்சு. அதுக்கப்புறம் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதி 18650 லித்தியம் செல்லுங்கள ஒண்ணொண்ணா ராத்திரி முழுக்க விட்டு எது தானா இறங்குதுன்னு பாக்கறேன், ஒரு நாள்ல அரை மில்லிவோல்ட் இறங்கினா கூட கிராப்ல அசிங்கமா தெரியுது. பேக் கட்டறவங்களுக்கு இது தங்கம்.

காலிபரேஷன், அதாவது மீட்டர் சரியா காட்டுதான்னு ஒப்பிட்டு திருத்தறது, அத பத்தி நெறைய பேர் கேப்பீங்க. கால் மெனுல போனா எத்தன தடவ காலிபரேட் பண்ணியிருக்காங்கன்னு ஒரு எண்ணிக்கையும், பண்ணினவங்க விட்டுட்டுப் போன ஒரு வரி மெசேஜும் இருக்கும். என்னுதுல பதிமூணு வருஷம் பழைய ஒரு தேதி, கல்வெட்டு படிக்கற மாதிரி நகந்து நகந்து வந்துச்சு. என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள லேப்ல குடுக்கலாம்னு விசாரிச்சேன், மீட்டர் விலைல பத்துல ஒரு பங்குக்கு மேல கேட்டாங்க, நமக்கு எதுக்குன்னு விட்டுட்டேன். அதுக்கு பதிலா ஒரு நண்பர் வேல பாக்கற இடத்துல தேதி தாண்டாத காலிபரேஷனோட ஒரு மீட்டர் இருக்கு, என் ஏடி584 மாட்யூல எடுத்துட்டுப் போய் அதுல அளந்து, அப்படியே வீட்டுக்கு வந்து என்னுதுல அளந்தேன். வித்தியாசம் 90 மைக்ரோவோல்ட். மாட்யூலே வழில பஸ் சூட்டுல அவ்ளோ நகந்திருக்கும். பதிமூணு வருஷமா யாரும் தொடாத மெஷின் இப்படி நிக்குதுன்னா என்னத்த சொல்ல. காலிபரேஷன் எண்கள் பேட்டரி ஆதரவுல நிக்கற மெமரில இல்ல, அதனால பேட்டரி செத்து எல்லாம் அழிஞ்சு போற பயம் கிடையாது, இதே கம்பெனியோட பழைய 3478ஏல அந்த பயம் உண்டு, விலை கம்மியா கெடைக்குதேன்னு அத வாங்கறவங்க உள்ள இருக்கற லித்தியம் பேட்டரிய விசாரிச்சுட்டு வாங்குங்க.

வாங்கப் போறவங்க டிஸ்ப்ளேயதான் முக்கியமா பாக்கணும். இது எல்சிடி இல்ல, தானே ஒளிர்ற விஎப்டி, வருஷக்கணக்கா நாள் முழுக்க எரிஞ்சிருந்தா மங்கிப் போயிருக்கும், கடைல பகல் வெளிச்சத்துல ஜன்னல் பக்கம் வெச்சு பாருங்க, எல்லா இலக்கமும் ஒரே மாதிரி எரியுதான்னு. பட்டன் எல்லாத்தையும் ஒருதடவ அழுத்துங்க, அந்த முன்-பின் பட்டன பத்து தடவ.

எல்லாரும் வாங்கலாமான்னா, வேணாம். முதல் மீட்டரா வாங்கவே வேணாம். 27,000 கைல இருந்தா முதல்ல ஒரு நல்ல கையடக்க மீட்டரும் ஒரு சின்ன ஸ்கோப்பும் வாங்குங்க, அதுக்கு அப்புறமும் மில்லிஓம் உங்கள தூங்க விடலன்னா மாடி ஏறுங்க.

கடைசியா ஒண்ணு. கரண்ட் ஜாக்ல ப்ரோப விட்டுட்டு மறதியா வோல்டேஜ் அளந்தா 3 ஆம்ப் ப்யூஸ் போயிடும், நல்லவேள அது பின்பக்கமே இருக்கு, மூடிய திறக்காம மாத்தலாம், ஆனா உள்ள 7 ஆம்ப்ல இன்னொண்ணும் இருக்கு, அதுக்கு மூடி திறக்கணும். வாங்கும்போதே அந்த 3 ஆம்ப் அஞ்சா வாங்கி வெச்சுக்கோங்க. எனக்கு ரெண்டு போயாச்சு.